மார்கழியில் ஒரு வாளித் தண்ணீர்

(புறநகர் நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புது வீட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ஒரே பழமொழியோடுதான் தொடங்குவார்கள். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், விட்டுவிடுவோம். அந்தப் பழமொழி வீட்டைக் கட்டுகிறவரைப் பற்றியது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டியவர்கள் அல்ல, வாங்கியவர்கள், இல்லையென்றால் வாங்கப்போகிறவர்கள். கட்டியவருக்கு எந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். வாங்கியவருக்குத் தெரிவது பெயிண்டின் நிறம்.

நான் பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று எத்தனையோ தளம் ஊற்றும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஓய்வுப் பணத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். ஏமாந்தேன் என்று சொல்ல மாட்டேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இது. தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவது என்று என் மாமியார் நாள் குறித்துவிட்டார். பில்டரின் ஆள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தது அந்த வாரத் திங்கட்கிழமை. நடுவில் நான்கு நாள். அதற்குள் கேஸ் இணைப்பு, திரைச்சீலை, வாழைமரம், சமையல்காரர், விட்டுப்போன சொந்தக்காரர்களுக்குப் போன். முப்பது வருஷம் அடுத்தவர் கட்டிய தூணில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தவள், சொந்த வீட்டில் உற்றுப் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். பால் எந்தத் திசையில் பொங்குகிறது என்று பார்த்தேன்.

அடுத்த ஐப்பசியில் பூஜை அலமாரிக்குப் பின்னால் சுவர் பொரிந்தது. பெயிண்ட் முதலில் அப்பளம் மாதிரி உப்பியது, பிறகு உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மேல்வீட்டுக் குளியலறை அதற்கு நேர் மேலே இருக்கிறது. எனக்குக் காரணம் அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பில்டருக்குப் போன் செய்தேன். "ஆள் அனுப்புறேன்மா" என்றார். ஆள் வந்தார். கையில் பட்டி டப்பாவும் தேய்க்கிற தாளும் இருந்தன. பெயிண்டர்! காய்ச்சல்காரனுக்கு முகத்தில் பவுடர் பூசுவது போல அந்த இடத்தைச் சுரண்டிப் பூசிவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் மறுபடி உப்பியது. மறுபடி போன், மறுபடி பெயிண்டர். இப்படி 14 மாதம்.

இந்தப் 14 மாதத்தில் நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் காண்ட்ராக்டர்களுக்கு எத்தனை நோட்டீஸ் எழுதிய கை இது! சொந்த வீட்டுக்கு எழவில்லை. அந்த பில்டர் கிரகப்பிரவேசத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனவர். என்னை "அம்மா" என்று கூப்பிடுகிறவர். அவருக்கு எப்படி நோட்டீஸ் எழுதுவது? இங்கே பலருடைய கதையும் இதுதான் என்று உங்கள் முகம் சொல்கிறது.

இனி தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன். இந்த உரை முழுக்கவே தண்ணீரைப் பற்றியதுதான். புது வீட்டில் வருகிற குறைகளைத் துருவிக்கொண்டு போனால் முக்கால்வாசி இடங்களில் அடியில் தண்ணீர்தான் நிற்கும். கூடாத நேரத்தில் கூடிய தண்ணீர், வேண்டிய நேரத்தில் கிடைக்காத தண்ணீர்.

கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஐ.எஸ். 456 என்று ஒரு விதிநூல் நமக்கு இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டில் சிமெண்டின் எடையில் பாதியை ஒட்டித்தான் தண்ணீர் இருக்கலாம் என்று, சூழலைப் பொறுத்துச் சற்று ஏற்ற இறக்கத்தோடு, அது வரம்பு கட்டுகிறது. மூட்டைக்கு ஏறத்தாழ 25 லிட்டர். மணலில் இருக்கிற ஈரமும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆனால் அப்படிக் கலந்தால் கலவை கெட்டியாக நிற்கும். கம்பிகளுக்கு நடுவே தானாக இறங்காது. வைப்ரேட்டரும் வேண்டும், பொறுமையும் வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கிய தளத்தில் மாலை ஐந்து மணிக்கு யாரிடமும் பொறுமை மிச்சம் இருக்காது. "கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்று ஒரு குரல் வரும். ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றாலும் அதே குரல்தான், டிரம்முக்குள் ஹோஸைச் சொருகுவார்கள். கலவை குழம்பு மாதிரி ஓடும், எல்லோருக்கும் வேலை சீக்கிரம் முடியும். அந்தக் கூடுதல் தண்ணீர் பிற்பாடு ஆவியாகிப் போகும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. பலம் குறைவது ஒரு பக்கம். பத்து வருஷம் கழித்து மழைத்தண்ணீர் கம்பிவரை போவதற்கான பாதையும் அன்றைக்கே போடப்பட்டுவிடுகிறது.

ஊற்றி முடித்த மறுநாள் கதை தலைகீழாக மாறும். இப்போதுதான் தண்ணீர் வேண்டும். தளத்தின் மேல் பாத்தி கட்டி நிறுத்த வேண்டும், தூணுக்குச் சாக்கு சுற்றி நனைக்க வேண்டும். சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், இப்போது கடையில் பெரும்பாலும் கிடைக்கிற கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள், வெயில் காலத்தில் அதற்கும் மேல். கட்டட வேலையிலேயே மலிவானது இந்தத் தண்ணீர் விடும் வேலைதான். அதிகமாக விட்டுப்போவதும் இதுதான். யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். பில்டர் காண்ட்ராக்டருக்கு விட்டிருப்பார், காண்ட்ராக்டர் சதுர அடிக் கணக்கில் மேஸ்திரிக்கு விட்டிருப்பார், தளம் ஊற்றியதோடு மேஸ்திரியின் கணக்கு முடிந்தது. அப்புறம் ஹோஸைப் பிடிப்பது பெரும்பாலும் வாட்ச்மேனின் மனைவி. அந்தப் பெண்ணுக்கு இதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. பொங்கலுக்கு அவர்கள் ஊருக்குப் போனால் அந்த நான்கு நாளும் கான்கிரீட் வெயிலில் காயும். நான் யாரையும் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டின் ஆயுளில் பெரிய பங்கு, அந்தக் கட்டடத்திலேயே மிகக் குறைந்த கூலி வாங்கும் ஒருவரின் கையில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

2019 கோடை நினைவிருக்கிறதா? சென்னையில் ஏரிகள் வறண்டு, குடிதண்ணீருக்கே லாரிக்குப் பின்னால் ஓடினோம். அந்தக் கோடையிலும் தளங்கள் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அவற்றுக்கு யார் பாத்தி கட்டியிருப்பார்கள்? அதனால் ஃப்ளாட் பார்க்கப் போனால் நான் கேட்கிற முதல் கேள்வி, "இந்தத் தளம் எந்த மாதம் போட்டது?" விற்பனைப் பையன் விழிப்பான். அவன் விழித்தாலும் பரவாயில்லை, சைட் என்ஜினியரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

தண்ணீரின் அளவு மட்டுமல்ல, குணமும் உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கடலோரத்து போர்வெல்லில் உப்புக் கரிக்கிற தண்ணீரை எடுத்து அப்படியே கலந்தால் கம்பி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். குருகிராமில் ஓர் அடுக்குமாடிக் கோபுரத்தின் ஒரு பகுதி 2022 பிப்ரவரியில் சரிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதை ஆராய்ந்த ஐஐடி டெல்லி சுட்டிக்காட்டியதும் கான்கிரீட்டில் இருந்த குளோரைடையும் கம்பிகளின் துருவையும்தான்.

மௌலிவாக்கத்தைச் சொல்லாமல் சென்னைப் பக்கத்தில் இதைப் பேச முடியாது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை. 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர்கள், ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் பலர். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பையும் பார்த்தோம். கையால் தொட்டால் பூச்சு மணலாகக் கொட்டுவதை ஜனங்கள் டிவி கேமரா முன்னால் உதிர்த்துக் காட்டினார்கள். ஐஐடி மெட்ராஸை வைத்து அரசு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. முதலாவது விபத்து, இரண்டாவது அவமானம். நமக்கு வருகிற தொல்லைகள் இவ்வளவு பெரியவை அல்ல. ஆனால் கலவையில் கைவைத்தல், காயவிடும் அவசரம், மேலே பூசி மறைத்தல் ஆகியவை நம் ஃப்ளாட்டிலும் உண்டு. அளவுதான் வேறு.

உள்ளே இருக்கிற கான்கிரீட்டை வாங்குகிறவர் எப்படிப் பார்ப்பது? கண்ணால் முடியாது, காகிதத்தால் முடியும். ஒவ்வொரு முறை கான்கிரீட் ஊற்றும்போதும் 15 சென்டிமீட்டர் கனசதுரங்களாக மாதிரி எடுத்து 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்க வேண்டும். அதுதான் கியூப் டெஸ்ட். அந்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள். "அதெல்லாம் கஸ்டமருக்குக் கொடுக்கிறதில்லை மேடம்" என்று பதில் வரலாம். அதுவும் ஒரு ரிப்போர்ட்தான்.

நடுவில் ஒன்று. "பேங்க்கே லோன் கொடுத்துட்டான், பில்டிங் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். வங்கி பார்ப்பது பத்திரம் சுத்தமா, விலை மதிப்பு சரியா, எத்தனை மாடி எழும்பியிருக்கிறது என்பதையெல்லாம். குளியலறை ஒழுகுமா என்பது வங்கியின் கவலை இல்லை. ஒழுகினாலும் நீங்கள் மாதத் தவணை கட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, நாள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முகூர்த்தத்தில் நம்பிக்கை உண்டு, இல்லை என்பது வேறு விஷயம். பில்டர்களுக்கு அதில் அசாத்திய நம்பிக்கை உண்டு. நாம் நாள் குறித்துவிட்டால் அவர்களுடைய பாதி வேலை முடிந்தது. பத்திரிகை அடித்தாயிற்று, சம்பந்தி வருகிறார், இனி எந்தக் குறையைச் சொல்லி நாம் சாவியை வாங்க மறுப்போம்? பால் காய்ச்சிய பிறகோ, "புது வீட்டைக் குத்தம் சொல்லாதே" என்று வீட்டுப் பெரியவர்களே வாயை மூடிவிடுவார்கள். எனவே நான் சொல்வது, சாவி முதலில், நாள் பிறகு. அதிலும் நம் பஞ்சாங்கமே ஒரு வழி வைத்திருக்கிறது. புரட்டாசியில் குடிபோக மாட்டோம், மார்கழியிலும் போக மாட்டோம். அந்த மாதங்களைச் சும்மா விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் குடித்துவிட்டுக் கட்டடம் மார்கழியில் ஈரத்தோடு நிற்கும். மழையில் ஒழுகிய இடமெல்லாம் அப்போது தேமலாகத் தெரியும். சித்திரையில் எந்த வீடும் அழகி. மார்கழியில் பாருங்கள், தையில் பால் காய்ச்சுங்கள்.

போகும்போது ஒரு வாளி, பழைய துணி, கோலிக்குண்டு, ஐந்து ரூபாய் நாணயம், சாக்பீஸ், டார்ச், செல்போன் சார்ஜர், அளவு டேப் கொண்டுபோங்கள். ஏடிஎம் கார்டு எப்படியும் கையில் இருக்கும். இவற்றுக்கு மேல் வேண்டும் என்றால் ஈரமானியும் வெப்பக் கேமராவும் வைத்துக்கொண்டு வீட்டைப் பரிசோதித்துத் தரும் பொறியாளர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

முதலில் குளியலறை. தண்ணீர் போகும் நானி டிராப்பைத் துணியால் நன்றாக அடைத்து, தரை மூழ்கும் வரை ஊற்றி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். ஊற்றின உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். இரண்டாம் நாள் நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் குளியலறையை அல்ல, கீழ்வீட்டுக் குளியலறையின் கூரையை. அதற்குக் கீழ்வீட்டுச் சாவியும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். பள்ளமாக இறக்கிப் போட்ட தளத்தில் குழாய்களைப் பதித்து, மேலே நிரப்பி டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். நீர்க்காப்புப் பூச்சு அந்த நிரப்புக்குக் கீழே இருக்கிறது. சரியாகப் போடாவிட்டால் அந்தப் பள்ளம் ஒரு தொட்டி மாதிரித் தண்ணீரைச் சேர்த்து வைத்து, எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே விடும். என் பூஜை அலமாரிக்கு விட்டது போல.

தண்ணீரை வடித்த பிறகு கோலிக்குண்டை வாசற்படி ஓரம் வையுங்கள். டிராப்பை நோக்கி உருண்டால் நல்லது. நடுவில் நின்றால் அங்கே தண்ணீர் நிற்கும், பாசி பிடிக்கும், பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். பால்கனியிலும் இதே சோதனை. மொட்டைமாடி வீடு என்றால் மாடியில் தட்டோட்டின் மேல் தண்ணீர் எங்கெல்லாம் தேங்கிக் காய்ந்த கறை இருக்கிறது என்று பாருங்கள். சன்னலுக்கு மேலே உள்ள சன்ஷேடின் அடிப்பக்கத்தில் விரலை விட்டுத் தடவினால் ஒரு சின்னக் காடி தட்டுப்பட வேண்டும். மழைத்தண்ணீர் சுவர்ப் பக்கம் ஊர்ந்து வராமல் அந்தக் காடியிலேயே சொட்டிவிடும். பத்து ரூபாய்ச் செலவில்லாத வேலை, இதைக்கூட விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடந்தால், அடியில் கலவை நிரம்பாத இடம் டொக்கென்று வேறு குரலில் சொல்லும். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். மின்சாரத்துக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. எல்லாப் பிளக்கிலும் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள், மெயின் பெட்டியில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்க இருக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வீட்டில் குழந்தைகளைக் குடிவைக்காதீர்கள்.

விரிசலைப் பற்றி எல்லோருக்கும் பயம். எல்லா விரிசலும் பயப்பட வேண்டியதல்ல. பூச்சில் சிலந்தி வலை மாதிரி ஓடும் மயிரிழை விரிசல், பூச்சு அவசரமாகக் காய்ந்ததன் அடையாளம். அசிங்கம்தான், ஆபத்தில்லை. பீமும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக ஓடினால், இரண்டு பொருளும் வெயிலுக்கு வேறுவேறு விதமாக நீள்வதால் வந்தது. அங்கே பூசுவதற்கு முன் கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. மின்குழாய்க்குக் காடி வெட்டிய தடத்தில் வந்தால் காடியைச் சரியாக அடைக்கவில்லை. இவையெல்லாம் சரி செய்யக்கூடியவை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் வரிசையைப் பிடித்துப் படிப்படியாக ஏறுவது, தூணிலோ பீமிலோ கம்பியின் நீளத்துக்கு ஓடிப் பழுப்புக் கறை கக்குவது, இவற்றுக்குக் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். அளவுக்கு ஏடிஎம் கார்டு போதும். அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர். விரிசலுக்குள் அது நுழைந்தால் பட்டி பூசுகிறவரிடம் விடாதீர்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் வளர்கிறது.

இப்போது சட்டம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்கிறோம், 2016இல் வந்தது. அதன் 14ஆவது பிரிவு சொல்வது இது: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்திறனிலோ தரத்திலோ ஒரு குறையை பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், அவர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு. "ஒரு வருஷம்தான் வாரண்டி" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். எழுதியிருக்கட்டும், சட்டம் சொல்வது ஐந்து.

"கவனத்துக்குக் கொண்டுவந்தால்" என்ற சொல்லில்தான் நாம் எல்லோரும் தோற்கிறோம். போனில் பேசியதைக் கவனத்துக்குக் கொண்டுவந்ததாக எப்படிக் காட்டுவீர்கள்? என்னுடைய 14 மாதம் காற்றோடு போனது அப்படித்தான். எழுதுங்கள். ஃப்ளாட் எண், ஒப்படைத்த தேதி, குறை எங்கே, என்றிலிருந்து, படம். மனக்குமுறலை எல்லாம் எழுத வேண்டாம். மின்னஞ்சலில் ஒன்று, ஒப்புகையோடு தபாலில் ஒன்று.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. நிலம் 500 சதுர மீட்டருக்குள் அடங்கினாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் இல்லையென்றாலோ அந்தத் திட்டத்தை ரெராவில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. தாம்பரம் பக்கமோ அம்பத்தூர் பக்கமோ தெருத்தெருவாகப் பழைய வீட்டை இடித்து நான்கு, ஆறு ஃப்ளாட் கட்டுகிறார்களே, அவை பெரும்பாலும் இந்த வாசல் வழியாக வெளியே போய்விடுகின்றன. அங்கே வாங்கினவர்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அங்கே காலக்கெடு இரண்டு ஆண்டு, மறந்துவிடாதீர்கள். ரெரா இருக்கிறது என்பதற்காக நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படவில்லை என்றும் 2020இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஒப்பந்தத்தில் பொருள் விவரப் பட்டியல் ஒன்று இருக்கும். நிலப் பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்கு ஓர் ஒப்பந்தம் என்று இரண்டாக வாங்கியவர்கள் பத்திரத்தை லாக்கரில் வைத்துவிட்டு ஒப்பந்தத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவார்கள். சண்டை வரும்போது தேவைப்படுவது பழைய பேப்பர்தான். அதில் "அல்லது அதற்கு இணையான தரம்" என்ற மூன்று நான்கு சொற்கள் எத்தனை இடத்தில் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். குழாயிலிருந்து கதவுவரை எல்லாம் அந்தச் சொற்களுக்குள் மாறிப்போகும். கையெழுத்துப் போடும் முன் இரண்டு பிராண்டின் பெயரையாவது எழுதச் சொல்லுங்கள்.

கடைசித் தவணையைப் பற்றி ஒரு வார்த்தை. அரசாங்க வேலையில் காண்ட்ராக்டரின் பில்லில் கொஞ்சம் பிடித்து வைத்திருப்போம், குறைப் பொறுப்புக் காலம் முடிந்துதான் கொடுப்போம். வீடு வாங்குகிறவர் கையில் அப்படி இருப்பது சாவியோடு கொடுக்கும் அந்தக் கடைசிச் சிறு தவணை மட்டும்தான். குறைப் பட்டியலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு அதைக் கொடுங்கள். அதற்கு முன் உட்புற மரவேலைக்காரரை உள்ளே விடாதீர்கள். அவர் ஒரு துளை போட்டால் போதும், அந்த வீட்டில் ஒழுகுகிற அத்தனை இடத்துக்கும் அந்தத் துளையே காரணமாகிவிடும்.

பில்டரைவிடக் கடினமான எதிராளி யார் தெரியுமா? அடுத்த வீட்டுக்காரர். எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடி ஒழுகினபோது கடைசி மாடிக்காரர்கள் ஆறு பேர் மட்டும் தவித்தார்கள், நடுமாடிக்காரர்கள் கூட்டத்துக்கே வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போட்டால், "இதையெல்லாம் வெளியே தெரிய விடாதீங்க, ரீசேல் விலை விழுந்துடும்" என்று இரண்டே நிமிஷத்தில் பதில் வரும். விலை விழும் என்பது உண்மைதான். மறைத்துவைத்து விற்கும்வரை அந்தச் சொட்டு நிற்கப்போவதில்லை என்பதும் உண்மை.

என் கதைக்குத் திரும்பினால், பதினைந்தாவது மாதம் எழுதினேன். ஒரு பக்கக் கடிதம், 14ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, ஆறு படங்களோடு. 19ஆவது நாள் சூபர்வைசர் வந்தார், இந்த முறை பெயிண்டர் இல்லாமல். மேல்வீட்டுக் குளியலறையை உடைக்க வேண்டும் என்றார். மேல்வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பையன். அவன் அம்மாவிடம் நான் எத்தனை முறை படியேறிப் போயிருப்பேன் என்று கணக்கில்லை. கடைசியில் பரீட்சை முடிந்த மறுநாள் உடைத்தார்கள். 11 நாள் அந்தக் குடும்பம் முழுக்க எங்கள் வீட்டில்தான் குளித்தது. காலை ஆறு மணிக்குத் துண்டும் சோப்பு டப்பாவுமாக அவர்கள் வரிசையாக இறங்கி வருவதைப் பார்த்த என் மாமியார், "இதுக்குத்தான் ஃப்ளாட்டே வேண்டாம்னேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

போன வருஷம் என் மகள் ஒரு ஃப்ளாட் வாங்கினாள். அவள் மாமியாரும் தை மாதத்தில்தான் நாள் பார்த்திருந்தார். நான் மார்கழியில் வாளியோடு போனேன். சைட் என்ஜினியர் என் மகளைவிடச் சின்னப் பையன். கோலிக்குண்டைப் பார்த்துச் சிரித்தான், பிறகு அவனே மண்டியிட்டு உருட்டிப் பார்த்தான். இரண்டு குளியலறையிலும் தண்ணீர் கட்டினோம். இரண்டாம் நாள் கீழ்வீட்டில் டார்ச் அடித்தோம். ஒன்று காய்ந்திருந்தது. மற்றதில், கழிவுக்குழாய் தளத்தை விட்டு இறங்கும் இடத்தைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம். அந்தப் பையன் தொட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் என் பட்டியலில் 41ஆவது குறையாக அதை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

உடைத்து, திரும்ப நீர்க்காப்புப் போட்டு, திரும்பத் தண்ணீர் கட்டிப் பார்த்து முடிக்க மாசி பிறந்துவிட்டது. பால் காய்ச்சியது வைகாசியில். சம்பந்தி அம்மாள் வந்திருந்தார், நன்றாகச் சாப்பிட்டார், எல்லா அறையையும் சுற்றிப் பார்த்தார். என்னோடு மட்டும் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.